இடது கண் துடிக்குது என்றேன்

துடிக்குது என்று ஒருவர் சொன்னால் நாம் நம்பத்தான் வேண்டும். பல்வலிக்காரன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துடிக்குது என்கிறான். கையில் கட்டி பழுத்தவள் விண்ணு விண்ணுன்னு துடிக்குது என்கிறாள். பக்கத்தில் இருப்பவனுக்கு வீக்கம் தெரியும், துடிப்பு தெரியாது. அது உடம்புக்காரருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேச வராதவன். ஒரே ஒரு முறை அந்தச் சொல்லைப் பொய்யாகச் சொன்னேன்.

தொண்ணூற்றேழு வாக்கில் பெரம்பலூர்ப் பக்கம் கிணறு வெட்டும் செட்டில் இருந்தேன். அங்கெல்லாம் பத்தடிக்குக் கீழே பாறை. குழி போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரி வைத்து வெடிக்க வேண்டும். செட்டில் என் தங்கச்சியின் வீட்டுக்காரரும் இருந்தார். என்னைவிட மூன்று வயது இளையவர். நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவரே பேசுவார்.

எங்கள் செட்டில் ஒரு வழக்கம். கிணற்றுக்குள் இறங்க வேண்டியவனுக்கு இடது கண் துடித்தால் இறங்கக் கூடாது. ஆம்பளைக்கு இடது கண் ஆகாது. வாயால் சொன்னால் போதும், மறுகேள்வி கிடையாது. கண்ணை உற்றுப் பார்ப்பதும் கிடையாது. பார்த்தவனுக்கு அது ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். அடுத்த முறைக்காரன் இறங்குவான். இதில் பொய் சொல்லலாம் என்றே அங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

சிறுவாச்சூருக்குக் கிழக்கே ஒரு கிணறு. மாசி மாத மத்தியானம். ஆறு குழிக்கும் திரி கொளுத்திவிட்டு மேலே வந்து, தள்ளியிருந்த புளியமரத்துக்குப் பின்னால் குந்தியிருந்தோம். ஒவ்வொரு வேட்டாக எண்ணினோம். ஐந்தோடு நின்றுவிட்டது.

மேஸ்திரி இரண்டு பீடி குடிக்கும் நேரம் பொறுத்தார்.

"திரி நமுத்திருக்கும். எறங்கிப் பாத்துட்டு வந்துடுங்க. யாரு மொறை?"

என் முறை. பயமாயிருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. இது வந்தது.

"எடது கண்ணு துடிக்குது."

மேஸ்திரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த முறை மாப்பிள்ளையுடையது. துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"மச்சான் கண்ணு வெவரமான கண்ணு. சோத்துல கை வச்சப்ப சும்மா இருந்துச்சு, வேலைன்னதும் துடிக்குது பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கிரேன் வாளியில் ஏறி நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அடியில் போய்க் கால் ஊன்றியிருப்பார். ஆறாவது வேட்டு கேட்டது.

பிறகு நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. தங்கச்சியின் பெண் குழந்தைக்கு அப்போது இரண்டு வயது.

அந்த வேலையை விட்டேன். தங்கச்சியையும் குழந்தையையும் கூட்டிவந்து எங்கள் பக்கத்து வீட்டில் குடிவைத்தேன். அன்று துடிக்காத கண் அதற்குப் பிறகு துடிக்கத் தொடங்கியது. சாப்பிடும்போது துடிக்கும். அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது துடிக்கும். டாக்டர் தூக்கம் பத்தவில்லை என்றார். திருவிழா வேட்டுச் சத்தம் கேட்டால் ஐந்து வரை எண்ணிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நானாக நிற்பதில்லை, உடம்பு நின்றுவிடுகிறது.

பத்து வருஷம் கழிந்தது. ஒரு நாள் காலை நானும் தங்கச்சியும் கூலிக்குப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தோம். நிமிராமல் கேட்டாள்.

"அண்ணே, அன்னிக்கு அவரு யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லலியா?"

"என்ன சொல்லணும்?"

"காலைல எங்கிட்ட, எடது கண்ணு துடிக்குதுடின்னாரு. நாந்தான், ஒரு நாள் கண்ணு துடிக்கும், ஒரு நாள் காலு வலிக்கும், வூட்லயே கெடங்கன்னு திட்டி அனுப்புனேன். அங்க சொல்லியிருந்தா விட்டுருப்பாங்கல்ல?"

"விட்டுருப்பாங்க."

"நான் திட்டுனதாலதான் வாயத் தொறக்கல."

பத்து வருஷமாக இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் முந்திக்கொண்டேன். எனக்குப் பின்னால் அவரும் அதையே சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்க வைப்பவர், சிரிப்புக்கு ஆளாக மாட்டார்.

சும்மா இருந்திருக்கலாம். இவ்வளவு காலம் சும்மாதானே இருந்தேன்.

"நீ இல்ல. மொறை என்னோடது. கண்ணு துடிக்குதுன்னு நான் சொன்னேன். அதான் அவரு எறங்குனாரு."

"அது ஒங்க தப்பாண்ணே? துடிச்சா சொல்லத்தான வேணும்?"

"துடிக்கல. பயந்துட்டேன்."

அவள் நிமிர்ந்து என் இடது கண்ணைப் பார்த்தாள். அதுவரை யாரும் அதை அப்படிப் பார்த்ததில்லை. அது அப்போது துடித்துக்கொண்டிருந்தது. என்னால் நிறுத்த முடியவில்லை.

மடியில் இருந்த பருத்தியைச் சாக்கில் கொட்டிவிட்டு, நாலு சால் தள்ளிப் போய் நின்று எடுக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் வரை அங்கேயே இருந்தாள்.

தன்னைத் தானே குறை சொல்லிக்கொள்வது அவளுக்கு நின்றதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். கறி எடுத்தால் கிண்ணத்தில் கொண்டு வருவாள். வாசலில் நின்று என் மகளைக் கூப்பிட்டு, "ஒங்கப்பாவுக்குக் குடு" என்பாள். அண்ணே என்று கூப்பிடுவதில்லை.