நம்ம ஊர்க்காரன் கொடுத்த பெல்ட்

லேக் கார்டன்ஸ் வீட்டில் நான் அவிக்கும் இட்லி தினமும் காலையில் கார் ஏறி, சால்ட் லேக்கில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் கேன்டீனுக்குப் போகும். ஓட்டுகிறவளும் நான்தான். கல்யாணமாகி இந்த வங்காள ஊருக்கு வந்தபின் எனக்கென்று இருந்த ஒரே பிழைப்பு அது. ஒரு நாள் இட்லி வராவிட்டாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று கேன்டீன் மேனேஜர் முதலிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்.

கார் பழசு. இஞ்சினுக்குள் ஓடும் டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டும், கம்பெனி சாமானாகவே வாங்குங்கள் என்றார் பெஹாலாவில் இருக்கும் மெக்கானிக். என் வீட்டுக்காரரோ கோயிலில் பழக்கமான ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரனிடம் என்னை அழைத்துப் போனார். இங்கே எங்கள் ஆட்களுக்கு இப்படி ஒரு வியாதி. வாடகைக்கு வீடு பிடிப்பதோ, பல் பிடுங்குவதோ, தமிழ் பேசுகிறவன் கிடைத்துவிட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டிவிடுவோம்.

"ஒரிஜினல்தான்க்கா. நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டமான சாமானைக் குடுத்துட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் கோயிலுக்கு வர்றது?" என்றான் கடைக்காரன். டீ வேறு வரவழைத்துக் கொடுத்தான். அட்டைப்பெட்டியில் எழுத்து மங்கலாக இருக்கிறதே என்று நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"சும்மா இரு. நம்ம ஆளு ஏமாத்துவானா?" என்றார் இவர். பில்கூட வாங்கவில்லை. கேட்டால் அவன் மனசு கஷ்டப்படுமாம்.

மழைக்காலம் முடிவதற்குள் பாலிகஞ்சில், நடுரோட்டில், பெல்ட் அறுந்தது. பின்சீட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. மேனேஜர் என் போனை எடுக்கவே இல்லை. வண்டியைக் கட்டி இழுத்துப்போய் மெக்கானிக் இஞ்சினைத் திறந்தார். வால்வுகளெல்லாம் பிஸ்டனில் இடித்து வளைந்து கிடந்தன. பெல்ட்டின் பற்கள் விரல் பட்டதும் உதிர்ந்தன. "இஞ்சின் ஷேஷ், பௌதி," இஞ்சின் தீர்ந்தது அண்ணி என்று கையை விரித்துவிட்டார். மறுநாளே கேன்டீனில் வேறு யாருடைய இட்லியோ.

நேரே அந்தக் கடைக்குப் போனேன். இவரும் பின்னாலேயே வந்தார். அறுந்த பெல்ட்டை மேஜைமேல் போட்டு, "என்னப்பா, என் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டியே," என்றேன். கடையில் நாலைந்து பேர் சாமான் வாங்க நின்றிருந்தார்கள். என்னை முன்பின் பார்த்தே இராதவன் போல, அக்காவை விட்டுவிட்டு, பில் இருக்கிறதா திதி என்று கடைக்காரன் வங்காளத்தில் கேட்டான். நான் மறுபடியும் தமிழில் கேட்டேன். மறுபடியும் அதே வங்காளம். கோயிலில் மணிக்கணக்காகத் தமிழ் பேசுகிற வாய்! இவர் வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்த பிறகுதான் இவருக்குப் பேச்சு வந்தது. "நாலு பேர் முன்னாடி அப்படிக் கேக்கலாமா? அவனுக்கும் பிழைப்பு இருக்குல்ல?"

நான் இழந்ததற்குப் பேரும் அதுதான் என்று இவருக்கு இதுவரை தோன்றவே இல்லை.