மாமியாருக்கு மூன்று வயது

மசாங்வாக்கின் மாமியாருக்கு அந்த ஆண்டு மூன்று வயது முடிய இருந்தது. அவளைத் தோளில் உட்கார்த்திக்கொண்டுதான் அவன் கோடையில் பறவை பிடிக்க மலைச் சரிவுக்குப் போனான்.

கிரீன்லாந்தின் வடகோடியில் இருக்கும் சியோராபாலுக்கில் இதில் வேடிக்கை எதுவும் கிடையாது. இறந்தவரின் பெயர் ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால் ஆளும் வந்தாயிற்று. முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஊர் சிரித்ததெல்லாம், போயும் போயும் அந்த மாமியார் இவனுக்கே மகளாக வந்து பிறந்தாளே என்றுதான்.

அந்த மாமியார் இனாலுக் முதல் தடவை உயிரோடு இருந்தவரை மருமகனைப் பற்றி வாய் தவறிக்கூட நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவனோ லேசுப்பட்ட ஆளில்லை. பாறை இடுக்கில் பதுங்கி, நீளக் கழியில் கட்டிய வலையை ஒரு வீச்சு வீசினானென்றால் உள்ளங்கை அளவுக் கடற்பறவைகள் இரண்டு மூன்று சேர்ந்து விழும். அவற்றை இறகும் அலகுமாகச் சீல் என்னும் கடல்நாயின் தோலுக்குள் திணித்து, மேலே ஏறி மிதித்துக் காற்றை வெளியேற்றி, வாயைத் தைத்து, தையலில் கொழுப்பைப் பூசி, கற்குவியலுக்கு அடியில் மாதக்கணக்கில் புளிக்க விடுவான். அந்தக் கிவியாக்கைத் திறக்கிற நாளில் ஊரே மூக்கை நீட்டிக்கொண்டு வந்து நிற்கும். இனாலுக் மட்டும் ஒரே ஒரு பறவையைச் சப்பிவிட்டு எழுந்துகொள்வாள்.

"அத்தை, போன வருஷத்துக்கு இது தேவலைல்ல?"

"போன வருஷத்தத மறக்கத்தான்யா இத்தன நாளா பாடுபட்டுக்கிட்டு இருக்கேன். ஞாபகப்படுத்தாத."

அவள் செத்தபோது மற்ற எல்லோரையும்விட உரக்க அழுதவன் இவன்தான். பாசம் இருந்தது, பொய்யில்லை. கடைசிவரை ஒரு 'நல்லாருக்கு' சொல்லாமலே போய்விட்டாளே என்ற ஆத்திரமும் இருந்தது.

அடுத்த குளிர்காலத்தில் மகள் பிறந்தாள். பிறந்ததிலிருந்து ஓயாத அழுகை. தனக்குரிய பெயர் கிடைக்காமல் அழுகிறது என்றார்கள். மசாங்வாக் முந்திக்கொண்டு தன் சித்தி பெயர், பெரியம்மா பெயர், எப்போதோ செத்த பக்கத்து வீட்டுக்காரி பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். அழுகை கூடிற்றே தவிரக் குறையவில்லை. அவன் மனைவி துகும்மெக் குனிந்து, "இனாலுக்" என்றாள். குழந்தை கப்சிப். மசாங்வாக் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

அன்று முதல் துகும்மெக்குக்கு அவள் அம்மா, இவனுக்கு அத்தை. அத்தையை அதட்ட முடியுமா? அவனுடைய புகைக்குழாயை அவள் குழம்புச் சட்டியில் போட்டபோதுகூட, "அத்தை, வேண்டாமே" என்று கெஞ்சத்தான் முடிந்தது.

"என்ன மசாங்வாக், மாமியார் ஒண்ணுக்குப் போயிட்டாங்க போலிருக்கே. துணிய மாத்துய்யா" என்று வேட்டைக்காரர்கள் அவனைப் பாடாய்ப் படுத்தினார்கள்.

அவன் காதில் அதெல்லாம் ஏறவில்லை. இந்தப் பிறந்தநாளில் அவள் முதன்முதலாகக் கிவியாக் தின்னப்போகிறாள். போன தடவை கிடைக்காத நல்ல வார்த்தையை இந்தத் தடவை வாங்கியே தீருவது என்று, தோல் மூட்டையை அவன் ஏறி மிதித்த மிதியைப் பார்த்துத் துகும்மெக்கே பதறிப்போனாள்.

"ஏங்க, அது ஏற்கெனவே செத்த சீல்தான். மறுபடி கொல்லாதீங்க."

பிறந்தநாள் வந்தது. வெளியே குளிர்கால இருட்டு. உள்ளே ஊர் முழுக்க அடைந்து கிடந்தது, மூட்டை திறந்த வாசனையோடு. மசாங்வாக் நல்ல பறவையாகப் பொறுக்கி, இறகு பிடுங்கி, தோலை உரித்து இரண்டு கைகளாலும் நீட்டினான்.

"அத்தை, சாப்பிட்டுப் பாருங்க."

இனாலுக் மோந்து பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். அந்தச் சுருக்கத்தை அடையாளம் கண்டுகொண்டு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு வாயில் வைத்தாள். சப்பினாள், கடித்தாள், எலும்பை உறிஞ்சினாள். இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். அதுவும் போயிற்று. கூரை அதிரச் சிரிப்பு எழுந்தது.

மசாங்வாக் மட்டும் சிரிக்கவில்லை. மனைவியை ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"ஏ, இது அத்தை இல்லடி. பேரு தப்பா வச்சுட்டோம். அவங்க ஒண்ணுக்கு மேல தொட்டிருக்காங்களா?"

துகும்மெக் உதட்டைக் கடித்தாள். "உங்க முன்னால தொட்டதில்ல. நீங்க அந்தாண்ட போனதும் உக்காந்து இப்படித்தான் திம்பாங்க. எனக்குக்கூட மிச்சம் வைக்க மாட்டாங்க."

"அடிப்பாவி! இத்தன வருஷமா ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. 'நல்லாருக்குன்னு தெரிஞ்சா அந்தத் தடியன் பாதி மிதியிலயே இறங்கிடுவான்'னாங்க."

கோபம் வந்தது; அதற்குள் கண்ணும் நிறைந்துவிட்டது. அவன் ஒரு பறவையை எடுத்துக்கொண்டு அத்தையின் எதிரில் போய் உட்கார்ந்தான்.

"நல்லாருக்கா அத்தை?"

வாய் நிறைய இறைச்சியோடு இனாலுக் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் கையிலிருந்ததையும் பிடுங்கிக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து தின்றாள்.