இட்லிப் பானையும் குண்டுகரிச்சானும்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஞானஜோதி டீச்சர் வீட்டுக்கு வழி கேட்டால், "கொல்லையில கம்பத்துல இட்லிப் பானை தொங்குமே, அந்த வீடு" என்று தெருவில் யாரும் கை காட்டுவார்கள். அடுக்கு மாடிகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் அந்தத் தெருவில் மண் தரையுள்ள கொல்லை மிச்சமிருப்பது அவள் வீட்டுக்கு மட்டும்தான். ஒரு முருங்கை, ஒரு கொய்யா, துணிக்கொடி, தண்ணீர்க் குழாய். குழாயடியில் ஒரு சிமெண்ட் மேடை. அந்த மேடையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

பானை அங்கே எப்படிப் போனது என்பதற்குப் போன வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும். மதில் சுவரில் செங்கல் பெயர்ந்த பொந்து ஒன்றில் ஒரு ஜோடி குண்டுகரிச்சான் கூடு கட்டியது. ஆண் பறவை நீலம் மின்னும் கறுப்பு, இறக்கையில் வெள்ளைக் கோடு. வாலை நிமிர்த்திக்கொண்டு அது பாட ஆரம்பித்தால் ஞானஜோதி அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைக்கு வந்துவிடுவாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நாளெல்லாம் மேய்த்துவிட்டு வருகிறவளுக்கு, கத்தாமல் பாடுகிற ஒரு ஜீவன் கிடைத்ததே பெரிய காரியம்.

அந்தக் குஞ்சுகளைப் பூனை கொண்டுபோயிற்று. ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆண் பறவை மட்டும் அலகில் ஒரு புழுவை வைத்துக்கொண்டு, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் பொழுது சாயும்வரை துணிக்கொடியிலேயே உட்கார்ந்திருந்தது. ஞானஜோதி அன்று வாய்விட்டு அழுதாள். "இன்னொரு தடவை என் வீட்ல இது நடக்க விடமாட்டேன்" என்று கணவர் லாசரஸிடம் சொன்னாள். தாம்பரத்தில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் லாசரஸ், எந்த விபத்துக்கும் பிறகு ஜனங்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துத் தலையை ஆட்டி வைத்தார்.

அவள் பேச்சோடு நிற்கிற ஆளா? பீரோ செய்து மிஞ்சிய பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு பறவைக்குக் கூடாக ஒரு பெட்டி அடித்தாள். முதலில் அதன் துளைக்கு முன்னால் அழகாக ஒரு குச்சி வைத்தாள். அதில் காக்கை வந்து உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தது. குச்சியைப் பிடுங்கி எறிந்தாள். துளை பெரிதாகப் போனதால் மைனா குடியேறப் பார்த்தது. வேறு பலகையில் துளையைச் சின்னதாகப் போட்டு மாட்டினாள். கிறிஸ்துமஸுக்கு மாடியில் நட்சத்திரம் ஏற்றும் இரும்புக் கம்பத்தைக் கொல்லையில் நட்டு அதன் உச்சியில் பெட்டியைப் பொருத்தினாள். அப்புறம்தான் பானை வந்தது. பழைய அலுமினிய இட்லிப் பானையின் அடியில் கம்பம் நுழையுமளவு வெட்டி, கம்பத்தின் நடுவில் கவிழ்த்து மாட்டினாள். ஏறுகிற பூனை பானைக்குள் தலை முட்டித் திரும்ப வேண்டியதுதான்.

"பூனைக்கு ஹெல்மெட் தைச்சிருக்கே" என்றார் லாசரஸ்.

"சிரிங்க, சிரிங்க. வேலை செய்யும்போது பாருங்க."

வேலை செய்தது! ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்து தொடங்கிய சில நாளிலேயே ஜோடி வந்துவிட்டது. பெண் பறவை பெட்டிக்குள் போய், வெளியே வந்து, மறுபடி போய், வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்த புது மருமகளைப் போல ஒவ்வொரு மூலையையும் சோதித்தது. பிறகு வேரும் நாரும் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தது. ஞானஜோதிக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளியில் சொன்னாள், ஆலயத்தில் சொன்னாள், பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஜெபம் முடிவதற்குள் பக்கத்து நாற்காலிக்காரியின் காதில் சொன்னாள். முட்டை பொரிந்து உள்ளேயிருந்து 'சீ சீ' என்று முதல் சத்தம் கேட்ட காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்த லாசரஸை நுரையோடு இழுத்து வந்து கம்பத்தடியில் நிறுத்தினாள்.

எல்லாவற்றையும்விட அதிசயம், லெந்து முழுவதும் கொல்லைக்குள் ஒரு பூனை கால் வைக்கவில்லை. "பானையைப் பார்த்தே பயந்துடுச்சுங்க" என்று தெருவெல்லாம் பெருமையடித்தாள். இரண்டு வீட்டுக்காரர்கள் பழைய பானை தேடவும் ஆரம்பித்தார்கள்.

அந்த நாட்களில் லாசரஸின் கவலை வேறு. அவர் பிறந்து வளர்ந்தது மீன் குழம்பில். ஆனால் ஞானஜோதி வீட்டில் லெந்து என்றால் லெந்துதான். கறி கிடையாது, மீன் கிடையாது, கவிச்சி வாடையே கிடையாது. பீர்க்கங்காயும் புடலங்காயும் மாறி மாறி வந்த தட்டைப் பார்த்து அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஈஸ்டருக்கு வஞ்சிரம் வறுவல் என்று புனித வாரம் தொடங்கும்போதே அறிவித்துவிட்டார். கோவளத்திலிருந்து கூடையோடு வரும் அங்காளம்மாவுக்குப் போன் போட்டு, "பெருசா, நடுத்துண்டு நல்லா இருக்கிற மாதிரி" என்று சொல்லியும் வைத்தார்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை காலை அங்காளம்மாவின் குரல் தெருமுனையிலிருந்தே கேட்டது.

"இன்னா டீச்சரம்மா, உங்க நோம்பு முட்ஞ்சிதா? வஞ்சிரம் கீது பாரு, காலீல வந்த சரக்கு!"

லாசரஸ் ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தார். அங்காளம்மா வழக்கம்போல வீட்டைச் சுற்றிக் கொல்லைக்கு வந்து, குழாயடி மேடையில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷமாக இந்த வீட்டு மீனெல்லாம் அங்கேதான் நறுக்கப்படும். செவுளும் குடலும் மேடையோரம் விழும். ஞானஜோதி உள்ளே மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். லாசரஸ் பேசின் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு விழும் துண்டுகளை மாப்பிள்ளையை வரவேற்பதுபோல வரவேற்றுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஆண் பறவை அலறியது. பாட்டு இல்லை, பலகையில் ஆணியால் கீறுவது போன்ற ஒரு கரகரப்பு. ஞானஜோதி மிக்ஸியை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள்.

பெட்டியின் துளையில் ஒரு குஞ்சு நின்றது. புள்ளி புள்ளியான மார்பு, முளைத்தும் முளைக்காத வால். "ஐயோ, வெளிய வருதுங்க! வந்துடுச்சு!" என்று அவள் கைதட்டப் போன அதே நொடியில் குஞ்சு குதித்தது. பறந்தது என்று சொல்ல முடியாது. படபடவென்று இறங்கிக் கொய்யா மரத்தடியில் தரையில் உட்கார்ந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

மதில்மேல் ஒரு சாம்பல் பூனை. பக்கத்துக் காருக்கடியிலிருந்து வந்த வெள்ளைப் பூனை ஒன்று. வாசல் வழியாகவே நடந்து வந்த காது கிழிந்த கறுப்புக் கடுவன் ஒன்று. இத்தனை நாள் எங்கே இருந்தன இவையெல்லாம்? ஞானஜோதி மேடையைப் பார்த்தாள். குடலைப் பார்த்தாள். போன வருஷமும் இதே மேடை, ஈஸ்டர் கழித்து முதல் மீன் வாங்கிய அதே வாரம்தான் குஞ்சுகள் போயின.

"பூனைய நிறுத்துனது பானை இல்லைங்க!" என்று கத்தினாள். "லெந்து! லெந்துதாங்க நிறுத்துச்சு!"

லாசரஸுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவள் துடைப்பத்தோடு கொய்யா மரத்தடிக்குப் பாய்ந்து, குஞ்சுகளுக்கு முன்னால் கையை விரித்து நின்ற பிறகுதான் புரிந்தது. அவர் பேசினைப் பார்த்தார், பூனைகளைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்துச் சாம்பல் பூனைக்குக் காட்டினார். அது மதிலிலிருந்து இறங்கியது.

"அங்காளம்மா, கூடையைத் தூக்கு! தெருமுனை காலி மனைக்கு!"

"இன்னா சார், நறுக்கினு இருக்கும்போது?"

"தூக்கும்மா!"

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பேசினோடு லாசரஸ் முன்னால் ஓட, கூடையோடு அங்காளம்மா பின்னால் ஓட, நடுவில் பூனைகள் ஓட, அந்தத் தெரு அப்படி ஒரு ஊர்வலத்தைப் பார்த்ததே இல்லை. காலி மனையில் ஒவ்வொரு துண்டாக வீசினார். "வஞ்சிரத்த பூனிக்கு போட்ற மன்சன இப்பதான் சார் பாக்குறேன்" என்றாள் அங்காளம்மா. நடுத்துண்டு ஒன்றை மட்டும் அவர் கைக்குள் மறைத்து வைத்துக்கொண்டார். ஈஸ்டருக்கு ஒன்றாவது வேண்டாமா?

திரும்பி வந்தால், கறுப்புக் கடுவன் போகவே இல்லை. துடைப்பத்துக்கு எட்டாத தூரத்தில் வயிற்றைத் தரையோடு ஒட்டிப் பதுங்கியிருந்தது. ஞானஜோதி எதிரில் நின்றாள். அதற்குள் கடைசிக் குஞ்சும் இறங்கிவிட்டிருந்தது. தாய்ப்பறவை கொய்யாக் கிளையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"என்னங்க..." என்றாள்.

லாசரஸ் கையை விரித்தார். நடுத்துண்டு, தடிமனாக, கொழுப்போடு. நாற்பது நாள் கனவு. ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டுக் கடுவனின் மூக்குக்கு முன்னால் நீட்டினார். அது திரும்பியது. அவர் குனிந்தபடியே பின்னோக்கி நடந்து, வாசலுக்கு வெளியே துண்டை வீசிக் கதவைச் சாத்தினார்.

மதியத்துக்குள் குஞ்சுகள் தத்தித் தத்தி, விழுந்து எழுந்து, எல்லாமே முருங்கையின் மேல்கிளைக்குப் போய்விட்டன. எல்லாமே! ஞானஜோதி ஒரே நேரத்தில் சிரித்தாள், அழுதாள். ஆண் பறவை புழுவோடு துணிக்கொடியில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் முருங்கைக்குப் பறந்து, திறந்திருந்த ஒரு வாயில் அதைத் திணித்தது.

"போன வருஷமும் நம்மளாலதாங்க" என்றாள் மெதுவாக.

"மீன் வேணும்னு கேட்டது நான்" என்றார் லாசரஸ். "வா, மேடையைக் கழுவலாம்." இருவரும் சோப்புப் பொடி போட்டு வாடை போகும்வரை தேய்த்தார்கள்.

ஈஸ்டர் விருந்துக்கு அந்த வீட்டில் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். லாசரஸ் முகம் சுளிக்காமல் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார்.

குஞ்சுகள் தாமாகவே பூச்சி பிடிக்கத் தொடங்கிய பிறகு ஒரு காலை, அங்காளம்மா மறுபடி வந்தாள். ஞானஜோதி பள்ளிக்குப் போயிருந்தாள். லாசரஸ்தான் கதவருகே வந்தார்.

"சார், வஞ்சிரம் கீது. உன் வூட்டாண்ட வோணாம், காலி மனைல நறுக்கித் தரேன். வெறும் துண்டத் தூக்கினு போ."

அவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். நல்ல மீன். வாயில் எச்சில் ஊறியது. சரி என்று சொல்ல நிமிர்ந்தவர் கண்ணில் வீட்டோரச் சந்து வழியே கொல்லைக் கம்பத்து உச்சி பட்டது. பெண் பறவை வாய் நிறைய நாரோடு பெட்டிக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

லாசரஸ் சத்தமில்லாமல் கதவைச் சாத்தி, வெளியே வந்து நின்றுகொண்டார்.

"துண்டோட வாடையும் வேணாம்மா" என்றார் ரகசியக் குரலில். "எங்க வீட்ல லெந்து இன்னும் முடியல."