அத்தா டிவியில் பேசியது

எங்கள் வீட்டுக்குக் கரண்ட் கேரளாவிலிருந்து வந்தது, கேபிள் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. கோவிந்தாபுரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அப்போது இதுதான் நிலைமை. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கத்துக் கேபிள்காரரிடம் தமிழ்ச் சேனல்கள் அதிகம் என்பதால், கம்பி எல்லையைத் தாண்டி, ஒரு புளியமரத்தில் சுற்றிக்கொண்டு, எங்கள் ஓட்டுக்கூரைக்குள் இறங்கியது. அங்கே கரண்ட் போனால் இங்கே விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், படம் மட்டும் வராது. இங்கே சாயங்கால அரைமணிக் கட் வந்தால் கேபிளில் படம் வந்துகொண்டே இருக்கும், பார்க்கத்தான் வழியிருக்காது. இரண்டு அரசாங்கமும் ஒரே நேரத்தில் மனசு வைத்தால்தான் எங்கள் வீட்டில் சீரியல் ஓடும்.

இந்த லட்சணத்தில்தான் நான் கம்ப்யூட்டரில் டிவி பார்க்கிறேன் என்று கிளம்பினேன். பழைய டிவிப்பெட்டி ஒரு இடியில் போய்விட்டது. வீட்டில் இருந்தது கம்ப்யூட்டர் ஒன்றுதான். துபாயில் இருந்த அண்ணனோடு பேசுவதற்காக வாங்கியது. அதற்குள் ஒரு கார்டைச் செருகினால் டிவி வரும், வேண்டியதைப் பதிந்தும் வைத்துக்கொள்ளலாம் என்று கொல்லங்கோட்டில் நான் கம்ப்யூட்டர் படித்த இடத்தில் சொன்னார்கள். நானும் நம்பினேன். அத்தாவிடம், அதாவது அப்பாவிடம், கேட்டபோது, அவர் எங்கள் மாட்டுத்தீவனக் கடையில் புண்ணாக்கு மூட்டையிலிருந்து தலையைத் தூக்காமலே, “உனக்குத் தெரிஞ்சாப் போதும் அம்மிணி, வாங்கிக்க” என்றார்.

கார்டு போட வந்தவர் மலையாளி. மூடியைக் கழற்றிக் கார்டைச் செருகி, பின்னால் ஒரு குட்டி ஒயரை ஒரு ஓட்டையிலிருந்து இன்னொரு ஓட்டைக்கு மாட்டிவிட்டு, “ஒண்ணும் பேடிக்கண்டா, எல்லாம் செரியாயிக்கோளும்” என்று சொல்லிப் போனார். பயப்படாதே, எல்லாம் சரியாகிவிடும் என்று அர்த்தம். அவர் போன பிறகு ஒன்றுமே சரியாகவில்லை. சேனல் தேடச் சொன்னால் ஒரே சேனலைப் பல நம்பரில் பிடித்து வைக்கும். நாங்கள் பார்க்கும் சேனல் மட்டும் பச்சையாக வரும். திடீரென்று எல்லாம் நின்று நீலத்திரை விழும். அந்தக் கார்டை நான் திட்டியதைப் போல ஜென்மத்தில் யாரையும் திட்டியதில்லை.

பதிவு செய்வது அதைவிடக் கூத்து. அம்மாவின் சீரியல் சரியாக ராத்திரி இஷா தொழுகை நேரத்தில் வரும். அதைப் பதிந்து வைக்கச் சொல்லிவிட்டு அம்மா தொழப் போவாள். திரும்பி வந்து பார்த்தால், மாமியார் கையை ஓங்கியிருப்பாள், அதோடு படம் நின்றிருக்கும். ஒருநாள் கேபிள் போயிருக்கும், ஒருநாள் கரண்ட் போயிருக்கும், ஒருநாள் இரண்டும் இருந்து கம்ப்யூட்டரில் இடம் இருக்காது. “அடி விழுந்துச்சா இல்லியாடி?” என்று அம்மா கேட்பாள். எனக்கென்ன தெரியும்? “விழுந்துச்சுன்னே வெச்சுக்கம்மா” என்பேன். “இந்தக் கெரகத்துக்கு நான் பக்கத்தூட்டுலயே போய்க் கேட்டுக்குவேன்” என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போவாள். எனக்கு ஆத்திரமாக வரும். ஆனாலும் அடுத்த நாளும் பதிவு போடுவேன். அப்படி ஒரு வீம்பு.

வெள்ளிக்கிழமை மட்டும் அந்தக் கம்ப்யூட்டருக்கு மரியாதை. ஜும்மா முடிந்து சாப்பிட்ட பிறகு அண்ணன் கூப்பிடுவான். மைக்கின் காம்பு உடைந்துபோனதால், அம்மா ஒரு டம்ளரில் கடைப் பருத்திக்கொட்டையை நிரப்பி அதில் மைக்கை நட்டு வைத்திருந்தாள். அதற்கு நேர் எதிரே அம்மாவின் நாற்காலி. அத்தா முதலில் நின்றபடியே, “உடம்பப் பாத்துக்க. தொழுவறியா?” என்று கேட்பார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வராது, நகர்ந்துவிடுவார். பிறகு அம்மா உட்கார்ந்து, ஊரெல்லாம் கேட்கும் குரலில் ஒவ்வொரு வாரமும் ஒரே பாட்டைப் பாடுவாள். “இங்க எல்லாரும் நல்லா இருக்கறோம். நீ அவசரப்பட்டு வந்துராத. இருந்து நாலு காசு சேத்துட்டு மெதுவா வா.”

அண்ணன் ஊருக்கு வந்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது. போன புதிதில் ஒருமுறை அம்மா போனில் அழுதுவிட, அவன் அங்கே சோறு இறங்காமல் கிடந்திருக்கிறான். அவனோடு அறையில் இருந்தவர்தான் பிறகு சொன்னார். அன்றைக்கு முடிவெடுத்தாள் அம்மா, இனி அவன் காதில் அழுகை விழக்கூடாது என்று. அது ரொம்பச் சரியாக வேலை செய்தது. நம்மை வீட்டில் யாரும் தேடவில்லை என்றே அவன் நினைத்துக்கொண்டான். பெருநாள் வரும், லீவு கேட்கவா என்று இழுப்பான். இவள் வேண்டாம் என்பாள். அவனும் சரி என்பான். நான் அம்மாவின் தோளில் இடிப்பேன். அவள் என் கையைத் தட்டிவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் டிவிக்காரர்கள் சிலர் எல்லைக் கிராமங்களைப் பற்றிப் படம் பிடிக்க வந்தார்கள். எங்கள் மாட்டுத்தீவனக் கடை ரோட்டோரம் இருந்ததால் நேரே அத்தாவின் முன் மைக்கை நீட்டினார்கள். அத்தா அன்றைக்குத் தவிட்டு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். மேலெல்லாம் தவிடு, தோள் கிழிந்த சட்டை. ஏதோ கேட்டார்கள், ஏதோ சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் சோலி இருக்கிறது என்று ஓடுகிற மனுசன் அத்தா. அவர் அன்று ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவி வந்து என் பக்கத்தில் நின்றார். “ஏம்மிணி, அதைப் புடிச்சு வெக்க முடியுமா? அண்ணனுக்கு அனுப்போணும். பையன் என்னையப் பாத்து நாளாச்சு” என்றார். வீடியோவில் முகம் பார்த்துப் பேச எங்கள் நெட்டுக்குத் தெம்பில்லை, குரல் மட்டும்தான். அத்தா அதற்கு முன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சீரியல் போனால் போகட்டும், இதை விடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க அதே வேலை. கம்ப்யூட்டரில் இருந்த பாட்டையெல்லாம் அழித்து இடம் ஒதுக்கினேன். கேபிள்காரருக்கு அத்தாவே போன் போட்டு, “ஏனுங்க, வெள்ளிக்கெழம அங்க கரண்ட் போனா ஜெனரேட்டர் போடுவீங்களா? டீசல் வேணும்னா நான் தாரனுங்க” என்று கேட்டார். எங்கள் பக்கத்துக் கட் எத்தனை மணிக்கு என்று லைன்மேனைப் பிடித்து விசாரித்தோம். எட்டு மணிக்குத்தான் என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் வழக்கம்போல அண்ணன் பேசினான். அந்தச் சேனல் அங்கே வராது என்றான். “நல்லாப் புடிச்சு வை” என்று என்னிடம் சொன்னான். அம்மா வழக்கம்போல, “நீ அவசரப்பட்டு வந்துராத” என்றாள்.

சாயங்கால மஃரிப் தொழுகை முடிந்ததும் எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால் கூடினோம். அம்மா பழக்கத்தில் தன் வெள்ளிக்கிழமை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அத்தா அவளுக்குப் பின்னால் நின்றார். இரண்டு அரசாங்கமும் மனசு வைத்தன. படம் பச்சையாகக்கூட இல்லை. ஏழு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் எங்கள் கடை வந்தது, அத்தா வந்தார். எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினோம். நான் மட்டும் திரையின் மூலையில் பதிவாவதைக் காட்டி மின்னிய சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நிற்கவில்லை. அத்தா முடிந்து வேறு யாரோ வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. மாஷா அல்லா, ஜெயித்துவிட்டோம் என்று கத்தினேன்.

போட்டுப் பார்த்தால், படம் கண்ணாடி மாதிரி இருந்தது. அத்தா வாயைத் திறந்தார். வந்தது அம்மாவின் குரல்.

“ஏனுங்க, அந்த நீலச் சட்டையப் போட்டுட்டுக் கடைக்குப் போங்கன்னு எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன்? இப்பப் பாருங்க, ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் பாத்துட்டு இருப்பாங்க.”

மதியம் அண்ணனோடு பேசியபோது, கம்ப்யூட்டர் சத்தம் எடுக்கும் இடத்தைக் கார்டிலிருந்து மைக்குக்கு மாற்றியிருந்தேன். அது அப்படியே கிடந்திருக்கிறது. கார்டுச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டதே தவிரப் பதியவில்லை. பருத்திக்கொட்டை டம்ளர் எங்கள் வாயைத்தான் பதிந்திருந்தது. அத்தாவின் டிவிக் குரல் எங்கேயோ கொசு பாடுகிற அளவுக்கு அடியில் கேட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குத் தாங்கவில்லை. பாதியிலேயே நிறுத்திவிட்டு, அந்தக் கார்டைப் பிடுங்கிக் கிணற்றில் போடப் போகிறேன் என்று எழுந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“சரி உடு. படம் இருக்குதில்ல? அனுப்பு” என்றார் அத்தா. அப்படி என்னதான் பேசினீர்கள் என்று கேட்டதற்கு, “தவிடு வெல ஏறிப்போச்சுன்னு சொன்னேன்” என்றார். அடுத்த நாள் கேட்டபோது வேறு என்னவோ சொன்னார். நாங்கள் கத்திய கத்தலில் யாரும் காது கொடுத்துக் கேட்டிருக்கவில்லை.

துபாய்க்குக் கிளம்பிய பக்கத்துத் தெருக்காரர் ஒருவரிடம் சிடியைக் கொடுத்தனுப்பினோம். அது போய்ச் சேர்ந்த வாரம் வெள்ளிக்கிழமை அண்ணன் கூப்பிடவில்லை. அம்மா சாயங்கால அசர் தொழுகை வரைக்கும் நாற்காலியை விட்டு எழவில்லை. உடம்புக்கு என்னவோ என்று பயந்தாள். எனக்கு வேறு பயம், அண்ணன் பார்க்க ஆசைப்பட்டதை இப்படிக் கோமாளித்தனமாக அனுப்பிவிட்டோமே என்று. அதற்கடுத்த வெள்ளி கூப்பிட்டான். அம்மா மூச்சு விடாமல் தன் பாட்டைத் தொடங்கினாள்.

“நாங்க நல்லா இருக்கறோம். நீ அவசரப்பட்டு...”

“சும்மா இரும்மா” என்றான் அண்ணன். “நீ சொன்னத நான் கேட்டுட்டேன். லீவு எழுதிக் குடுத்துட்டேன். பெருநாளுக்கு ஊட்டுல இருப்பேன்.”

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “நான் என்னடி சொன்னேன்?” என்று என்னைப் பார்த்தாள். எனக்கும் புரியவில்லை. அவன் பேசி முடித்த பிறகு, நான் பாதியில் நிறுத்தியிருந்த அந்தப் பதிவை எடுத்துக் கடைசி வரை ஓடவிட்டேன். சட்டைப் பேச்சு முடிந்தது. கடை பெரிதாகத் தெரிகிறது என்று அம்மா சொன்னது வந்தது. குக்கர் விசில் அடித்தது. பிறகு அம்மாவின் குரல் தாழ்ந்தது, பக்கத்தில் இருந்த நானே அன்றைக்குக் கேட்டிராத அளவுக்கு. மைக்குக்கு மட்டும் நன்றாகக் கேட்டிருக்கிறது.

“பையன் இருந்தா இப்பக் கையத் தட்டிட்டுச் சிரிப்பான். வராத வராதன்னு வாயாலதான் சொல்றனுங்க. எனக்கு அவனப் பாக்கோணும். ராவெல்லாம் அதே நெனப்பு.”

திரையில் அத்தா தவிட்டோடு நின்று கையை ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். அதன் மேல், நாற்காலிக்குப் பின்னாலிருந்து அவருடைய இன்னொரு குரல் வந்தது.

“எனக்கு மட்டும் இல்லியா புள்ள?”

அவ்வளவுதான். அத்தா எங்களோடு நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அண்ணன் பெருநாளுக்கு வந்தான். அடுத்த வருடம் ஒரேயடியாக வந்துவிட்டான். இப்போது கடையில் உட்கார்ந்திருப்பவன் அவன்தான்.

அந்தக் கம்ப்யூட்டர் பழைய இரும்புக்குப் போய் ரொம்ப நாளாகிறது. கார்டும் அதோடு போனது. இப்போது எல்லாமே போனில் வருகிறது. எந்தச் சீரியலிலும் அடி விழுந்ததா இல்லையா என்று யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கேபிளையும் கரண்டையும் ஒருசேர வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சாயங்காலங்களை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. அந்தக் கார்டைக்கூடக் கொஞ்சம் குறைவாகத் திட்டியிருக்கலாம்.

அத்தா தவறிப்போய் இது இரண்டாவது நோன்பு. போன மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, அண்ணன் எங்கிருந்தோ அந்த நிகழ்ச்சியை நெட்டில் தேடிப் பிடித்து வைத்திருந்தான். முழுசாக, சத்தத்தோடு. அம்மாவை நடுவில் உட்காரவைத்துப் போனில் போட்டோம். அத்தா தெளிவாகப் பேசினார். மாட்டுக்குக் கேரளாத் தவிடா தமிழ்நாட்டுத் தவிடா என்று தெரியாது, நல்ல தவிடா கெட்ட தவிடா என்றுதான் தெரியும் என்றார். டிவிக்காரர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நன்றாகத்தான் பேசியிருக்கிறார் மனுசன். ஆனால் அது வெளியாட்களிடம் பேசுகிற குரல், கடைக்குரல்.

முடிந்ததும் அம்மா போனைத் தள்ளி வைத்தாள். “இது போதும். நம்மளதப் போடு” என்றாள்.

அந்தச் சிடியிலிருந்து போனுக்கு ஏற்றி வைத்திருந்த எங்களுடையதை அண்ணன் போட்டான். சட்டை வந்தது, குக்கர் வந்தது, அம்மா பையனைப் பார்க்க வேண்டும் என்றாள். பையன் பக்கத்தில் நரைத்த தாடியோடு உட்கார்ந்திருந்தான். அத்தாவின் குரல் வந்தது. “எனக்கு மட்டும் இல்லியா புள்ள?”

“தெரியுமுங்க” என்றாள் அம்மா, போனைப் பார்த்து.