நுரைக்கூடு

தங்கை யோகம்மா இறந்து முப்பத்தைந்தாம் நாள் இரத்தினசிங்கம் சல்லி என்ற மீனவக் கிராமத்துக்குப் போனார். திருகோணமலைத் துறைமுகத்தில், களஞ்சியப் பகுதியில் அவருக்கு லிகிதர் உத்தியோகம். தங்கை பெற்றுப்போட்டுவிட்டுப் போன பெண்குழந்தையை ஒருதரம் பார்த்து வரலாமென்று அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு புறப்பட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்புவோம் என்று அவரே நினைக்கவில்லை.

அறுபத்தாறாம் ஆண்டு, வைகாசி மாதம். மேற்கிலிருந்து கச்சான் காற்று நெருப்பாக வீசியது. வீட்டில் ஒருவரும் இல்லை. தங்கையின் கணவன் தவராசாவைத் தேடிக் கடற்கரைக்கு நடந்தார். மீன் காயப்போட்டிருந்த இடத்துக்கு அப்பால், கரையில் இழுத்துவிட்ட வள்ளத்தின் அருகே தவராசா நின்றுகொண்டிருந்தான். வள்ளத்துக்குள் மடித்துப்போட்ட வலை. வலையின்மேல் அவன் உடுக்கும் சாரம் ஒன்று. சாரத்தின்மேல் குழந்தை.

"இதென்ன வேலை, தவராசா? மீன் நாறுற இடத்திலயோ பச்சைப்பிள்ளையைக் கொண்டுவந்து போடுறது?"

"வீட்டுக்க வெக்கை, அத்தான். விடியத் தொடங்கின அழுகை. இஞ்ச கடல் பக்கம் கொஞ்சம் குளிர்ச்சி. இப்பதான் அடங்கினவள்."

குழந்தை நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தது. பாயொன்றைக் கட்டி நிழல் செய்திருந்தான். இலையான் அண்டாமல் ஓலை விசிறியால் வீசிக்கொண்டும் நின்றான். இரத்தினசிங்கம் இதையெல்லாம் பார்க்கத்தான் பார்த்தார். ஆனால் அவர் மனதில் பதிந்தது சாரத்தில் ஒட்டியிருந்த மீன் செதிள் மட்டுமே.

"உங்களால ஏலாது. நீங்கள் கடலுக்குப் போனா ஆர் பார்க்கிறது? நான் கொண்டுபோறன். பாக்கியம் வளர்ப்பாள்."

தவராசா விசிறியை வள்ளத்தின் விளிம்பில் வைத்தான்.

"கொஞ்ச நாளைக்கோ, அத்தான்?"

"ஓம், கொஞ்ச நாளைக்குத்தான்."

பஸ்ஸில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது இரத்தினசிங்கம் அதன் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கலியாணமாகிப் பதினொரு வருடம், அவருக்கும் பாக்கியரத்தினத்துக்கும் பிள்ளை இல்லை. தங்கை செத்த துக்கத்துக்குள்ளே இப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் வந்தது.

குழந்தைக்கு ஜெயரூபி என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாள் என்றது மாதமாகி, வருடமாகியது. அவள் இரத்தினசிங்கத்தை அப்பா என்றாள், பாக்கியரத்தினத்தை அம்மா என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் மீன் கொண்டுவந்து, வாசலோடு நின்று நாலு கதை கதைத்துவிட்டுப் போகும் மனிதரைச் சல்லி மாமா என்றாள். அப்படிச் சொல்லிக் கொடுத்தது பாக்கியரத்தினம். இரத்தினசிங்கம் தடுக்கவில்லை.

பிள்ளைக்கு ஐந்து வயதானபோது, தவராசா தன் ஓலைவீட்டோடு சேர்த்துக் கல்லால் ஓர் அறை கட்டுகிறான் என்று செய்தி வந்தது. சீமெந்து நிலமாம், கண்ணாடி யன்னலாம். "மறுகலியாணம் செய்யப் போறார்போல. நல்லது, ஆள் சந்தோஷமா இருக்கிறார்," என்று இரத்தினசிங்கம் மனைவியிடம் சொன்னார். கலியாணம் எதுவும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று அவர் விசாரிக்கவும் இல்லை.

ஜெயரூபிக்குப் பத்து வயதில் மீன் வளர்க்க ஆசை வந்தது. கந்தோரில் இரத்தினசிங்கத்துக்குப் பக்கத்து மேசை ஜவாஹிருடையது. கிண்ணியாக்காரர், அவருடைய தம்பி கொழும்பில் அலங்கார மீன் விற்கிறவர். ஜவாஹிர் ஒரு சண்டை மீனைப் போத்தலில் கொண்டுவந்து கொடுத்தார். கருநீலம், செட்டைகள் பட்டுத்துணி மாதிரித் தொங்கும். ஒரு வாரத்தில் அது நீரின் மேலே வந்து வாயால் காற்றை வாங்கி, எச்சில் நுரையாகத் துப்பித் துப்பி, தொட்டியின் ஒரு மூலையில் கைக்குட்டை அளவுக்கு நுரையை ஒட்டி வைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் இரத்தினசிங்கம் அதைக் காட்டினார். "பாருங்கோ, எங்கட வீடு அதுக்குப் பிடிச்சுப்போச்சு. சந்தோஷத்தில நுரை தள்ளுது."

அடுத்த மாதம் ஜவாஹிர் ஒரு பெட்டை மீனும் தந்தார். சில நாள் பக்கத்தில் போத்தலில் வைத்து இரண்டையும் பழக்கிவிட்டு, பிறகு சேர்த்துவிடச் சொன்னார். சொல்லிவிட்டு, குடும்பத்தில் ஒரு கலியாணம் என்று கிண்ணியாவுக்குப் போய்விட்டார்.

சேர்த்துவிட்ட அன்று காலை ஆண்மீன் பெட்டையை வளைத்து அணைத்தது. வெள்ளை ரவை மாதிரி முட்டைகள் மெல்ல இறங்கின. ஆண்மீன் பாய்ந்துபோய் அவற்றை ஒவ்வொன்றாக வாயால் கவ்வியது.

"அப்பா, தின்னுது! தன்ர முட்டையைத் தானே தின்னுது!" ஜெயரூபி அழுதாள்.

இரத்தினசிங்கம் யோசிக்கவில்லை. தேத்தண்ணி வடியால் ஆண்மீனை அள்ளிப் போத்தலில் விட்டார். "இனிப் பயமில்லை. தாய் நிக்கிறாள்தானே, பார்த்துக்கொள்ளுவாள்." போத்தலுக்குள் ஆண்மீன் கண்ணாடியில் மோதி மோதித் திரும்பியது. மத்தியானத்துக்குள் பெட்டைமீன் முட்டைகளில் பாதியைத் தின்றுவிட்டது. அடியில் கிடந்த மிச்சத்தில் இரண்டு நாளில் பஞ்சு மாதிரிப் பூஞ்சணம் பூத்தது.

ஜவாஹிர் திரும்பி வந்து நடந்ததைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். "என்ன அண்ணன் செஞ்சீங்க! அது தின்னல்ல. வாயில பொறுக்கி நுரைக்குள்ள வைக்கிறது. குஞ்சு பொரிச்சு நீந்துமட்டும் தகப்பன்தான் காவல். பெட்டையைத்தான் எடுக்கோணும். அந்த நாளில அது ஒண்டும் தின்னாமலே நிக்கும்."

"நான் அது சந்தோஷத்தில நுரை விடுது எண்டெல்லோ நினைச்சனான்."

"அது சந்தோஷமா இருக்கா இல்லையா எண்டு நுரையைப் பார்த்துச் சொல்ல ஏலாது. பெட்டை இல்லாட்டியும் கட்டும், சின்னப் போத்தலுக்க கிடந்தாலும் கட்டும். வரப்போற குஞ்சுக்கு இடம் செஞ்சு வைக்குது, அவ்வளவுதான்."

அன்றைக்கு இரத்தினசிங்கத்துக்குக் கந்தோரில் வேலை ஓடவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் காதில் விழுந்த ஒரு செய்தி திரும்பத் திரும்ப வந்து நின்றது. சனிக்கிழமை சல்லிக்குப் போனார். போனதும் வேறெதுவும் பேசாமல், "அந்த அறையை ஒருக்காப் பார்க்கலாமோ?" என்று கேட்டார்.

தவராசா சாவியை எடுத்து வந்தான். உள்ளே சின்னக் கட்டில், சின்ன மேசை, ஒரு கதிரை. யன்னல், எட்டு வயதுப் பிள்ளை நின்றால் கடல் தெரிகிற உயரத்தில் இருந்தது. எல்லாம் துடைத்து வைத்திருந்தது. கதவு நிலையில் கத்தியால் கீறிய கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டு.

"இதென்ன?"

"பிள்ளை வளர்ந்த உயரம், அத்தான். அங்க வரேக்க என்ர உடம்பில எதுமட்டும் வாறாள் எண்டு பார்த்துக்கொண்டு வந்து கீறினனான்."

"ஒருநாளும் பிள்ளையைத் திருப்பிக் கேக்கேல்லையே, தவராசா."

"கேக்கத்தான் வருவன். பாக்கியமக்கா வாசலில இருந்து பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பா. பார்த்திட்டு வந்திடுவன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது பாக்கியரத்தினம் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். மூன்று நாள் கழித்து அவளே, "சொல்லிவிடுவம்," என்றாள். பிள்ளையைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னார்கள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் ஜெயரூபி. "ரெண்டாம் வகுப்பிலயே பள்ளிக்கூடத்தில சொன்னவை." பிறகு பயந்த குரலில், "இனி நான் அங்க போக வேணுமோ?" என்று கேட்டாள்.

மார்கழி லீவுக்குப் பத்து நாள் அங்கே நின்று வரட்டும் என்று அனுப்பினார்கள். நாலாம் நாளே தவராசா அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். "பிள்ளைக்கு வீட்டு நினைவு வந்திட்டுது," என்றான். வீடு என்று அவன் எதைச் சொன்னான் என்பது இரத்தினசிங்கத்துக்குச் சுருக்கென்று தைத்தது. அதன்பிறகும் போனாள், வந்தாள். தகப்பனிடம் மரியாதையாக நடந்தாள். ஒரு தீபாவளிக்குத் தன் கையால் சாரம் வாங்கிக் கொடுத்தாள். ஆனால் அவனை அப்பா என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே கதைக்கப் பழகிக்கொண்டாள்.

எண்பத்தொன்றில் இரத்தினசிங்கம் பென்சன் எடுத்தார். மாதம் ஒருமுறை சல்லிக்குப் போய்வருவது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த தவராசாவின் எதிரில் உட்கார்ந்து, பதினைந்து வருடமாகத் தொண்டைக்குள் கிடந்ததைச் சொன்னார்.

"அண்டைக்கு நான் செய்தது பிழை, தவராசா. பிள்ளைக்காக எண்டு சொன்னனான். எனக்காகத்தான் கொண்டுபோனனான்."

தவராசாவின் கை நிற்கவில்லை. அறுந்த கண்ணியை முடிந்து, நூலைப் பல்லால் கடித்தான்.

"பிள்ளையை நல்லா வளர்த்திருக்கிறியள், அத்தான். ஒரு குறையும் இல்லை."

அவன் மனதாரத்தான் சொன்னான். அவன் வைதிருந்தால் இரத்தினசிங்கம் தாங்கியிருப்பார். பஸ் வரும்வரை, அவன் பொத்த வசதியாக வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.