கணக்கில் வராத கிடா

எந்த நாட்டில் ஆட்சி ஒழுங்காக நடக்கிறது, எந்த நாட்டில் லஞ்சம் அதிகம், எந்த நாட்டு மக்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் போடுகிறார்கள். நம் நாடு அதில் கொஞ்சம் ஏறினால் டீக்கடையில் ஒரு கட்சிக்காரன் மார் தட்டுகிறான். இறங்கினால் வெளிநாட்டுச் சதி என்கிறான். எதிர்க்கட்சிக்காரன் அதையே தலைகீழாகச் சொல்கிறான். இந்த இரண்டு பேரையும் நான் நம்புவதில்லை. பட்டியல் போடுகிறவனையும் நம்புவதில்லை. அப்படி ஒரு பட்டியலுக்குப் போன ஒரு பதில் எப்படிப் பிறந்தது என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

என்னிடம் ஒரு பழைய வேன் இருக்கிறது. வாடகைக்கு ஓட்டுகிறேன். சர்வே எடுக்க ஒரு பெண் வருகிறாள், மொரப்பூர் ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு சொல்கிற ஊருக்கெல்லாம் கூட்டிப் போ என்று ஒரு நாள் போன் வந்தது. ரயிலை விட்டு இறங்கிய பெண் சின்னவள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், முகத்தில் தூக்கம். பல நாட்டில் ஒரே மாதிரிக் கேள்வி கேட்டு நாடுகளை வரிசைப்படுத்துகிற வேலை என்றாள். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். கம்பெனிக்கு மேலே ஒரு கம்பெனி, அதற்கு மேலே இன்னொன்று என்றாள். அப்போதே எனக்குச் சரியாகப் படவில்லை.

முதல் ஊர் சித்தேரிப் பக்கம் ஒரு மலைக் கிராமம். மழை பெய்து பாதை அரித்துக் கிடந்தது. பாதி மலையிலேயே வேன் நின்றுவிட்டது. அவள் மேலதிகாரிக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் அந்த ஆள் சொன்னது எனக்கும் கேட்டது.

"ஏறலைன்னா விடும்மா. கீழ ரோட்டோரமா ஒரு ஊரைப் பாத்து மாத்திப் போட்டுக்கலாம்."

அப்படியே கீழே ரோட்டோரத்து ஊருக்கு வந்தோம். அங்கே அவள் கேட்ட கேள்விகளில் ஒன்று, உங்கள் ஊருக்குச் சாலை வசதி எப்படி இருக்கிறது என்பது. ஜனங்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இருக்காதா பின்னே? ரோடு இல்லாதவனைத்தான் மலையிலேயே விட்டுவிட்டு வந்தோமே.

அடுத்த நாள் கம்பைநல்லூரைத் தாண்டி என் தங்கச்சி வாழ்க்கைப்பட்ட ஊர். நான் சொல்லி அங்கே போகவில்லை. தெருமுனையிலிருந்து இத்தனை வீடு விட்டு ஒரு வீடு என்று டேப்லெட் சொல்லும் போல. அது கொண்டுபோய்த் தங்கச்சி வாசலில் நிறுத்தியது.

தங்கச்சி நிலைமையைச் சொல்ல வேண்டும். புருஷன் மாரடைப்பில் போய்விட்டான். ஒரு கிணறும் அதை ஒட்டிய தக்காளிக் காடும்தான் சொத்து. பட்டா இன்னும் செத்தவன் பேரில் இருந்தது. அது தன் பேருக்கு மாறாத வரைக்கும் நிலம் கையில் நிற்குமா என்பது அவளுக்கே தெரியாது. புருஷனின் அண்ணன் பக்கத்துக் காட்டுக்காரன். ஒவ்வொரு உழவுக்கும் வரப்பை இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டே வந்தான். கேட்டால், "பட்டாவக் காட்டு, பேசலாம்" என்பான். வாரிசு சான்றிதழ் உட்பட எல்லாம் கொடுத்தும் மனு தாலுகா ஆபீசில் அப்படியே கிடந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் ஊருக்குள் வந்து ஏதாவது கேட்டால், ஊர் தரப்பில் ஒருத்தர் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போடுவார். டீ சொல்வார். தனக்கும் ஒரு நாற்காலி போட்டுக் கூடவே உட்கார்ந்துகொள்வார். அதற்குப் பேர் மரியாதை. அன்றைக்கு நாற்காலி போட்டவர் தலையாரி. வி.ஏ.ஓ.வுக்கு உதவியாளர். தங்கச்சியின் மனு மேலே போகிறதா கீழே கிடக்கிறதா என்பது பாதி அவர் கையில்.

"ஏங்க, நீங்க வேலையப் பாருங்க, நான் கேட்டுக்கறேன்" என்று அந்தப் பெண் நாசூக்காகச் சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கென்ன வேலை? நீ கேளு கண்ணு" என்று அவர் காலை நீட்டிக்கொண்டார்.

கேள்வி தொடங்கியது. கோர்ட் மேலே எவ்வளவு நம்பிக்கை, பத்துக்கு எத்தனை?

"கோர்ட்டுக்கு நான் போனதே இல்லயே கண்ணு."

"போவலன்னாலும் ஒரு மார்க் சொல்லுங்கக்கா."

"பாஸ் மார்க் போட்டு வுடு."

"நல்லா தாராளமாப் போடும்மா, உன் வூட்டுச் சொத்தா போவுது?" என்றார் தலையாரி. அது ஏழானது.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. போன ஒரு வருஷத்தில் அரசாங்க ஆபீசில் ஒரு வேலை நடக்க யாருக்காவது பணமோ அன்பளிப்போ கொடுக்க வேண்டி வந்ததா?

தங்கச்சி தலையாரியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்குத்தான் அவ்வளவு பாடுபட்டாள்.

"பணமா? ஒத்த ரூபா குடுத்ததில்லைங்க."

"அன்பளிப்பு?"

"அது கல்யாணத்துல குடுக்கறதாச்சே."

மாரியம்மன் பண்டிகை சமயத்தில் அவளுடைய கருப்புக் கிடா தலையாரி வீட்டுக்குப் போனது எனக்குத் தெரியும். ஏற்றிக்கொண்டு போனதே என் வேன்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப அந்தக் கெடா..." என்று ஆரம்பித்தேன்.

"கெடா அடுத்த பண்டிகைக்குத்தாண்ணா!" என்று தங்கச்சி பட்டென்று மடக்கினாள். "பாரு கண்ணு, எங்கண்ணனுக்கு எப்பவும் கறி நெனப்புதான். வந்ததுலேருந்து சோறு போடறியா கெடா அடிக்கறியான்னு ஒரே ரோதனை."

எல்லாரும் சிரித்தார்கள். தலையாரிதான் அதிகமாகச் சிரித்தார். அந்தப் பெண் டேப்லெட்டில் ஒரு கட்டத்தைத் தொட்டாள். இந்தியாவில் ஒரு பெண் லஞ்சம் கொடுக்கவில்லை என்று முடிவாகிவிட்டது.

திரும்பும்போது வேனில் அவள் கேட்டாள். "அண்ணா, ஏதோ சொல்ல வந்தீங்களே?"

சொன்னேன்.

"நீங்க சொல்றத நான் போட முடியாதுண்ணா. அவங்க வாயால வரணும்."

"அந்தாளு குந்திக்கிட்டிருந்தா எப்படி வரும்?"

"தனியாதான் கேக்கணும்னு ரூல். நாற்காலி போட்டவரை எழுந்து போங்கன்னு எப்படிச் சொல்றது? கூட யாராவது இருந்தாங்களான்னு கடைசியில ஒரு கேள்வி வரும்."

"என்ன போட்ட?"

"இல்லைன்னு. ஆமான்னு போட்டா மறுபடி அந்த வூட்டுக்கே அனுப்புவாங்கண்ணா."

அவளைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவளும் கூலிக்கு வந்தவள்.

சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குத் தனியாகப் போய்ச் சண்டை போட்டேன்.

"ஏன் பொய் சொன்ன?"

"என்ன பொய்? விருந்துக்குக் கெடா கேட்டாரு, குடுத்தேன். எல்லாரும்தான் குடுக்கறாங்க. அது லஞ்சமா?"

"எல்லாரும்னா யாரு? மனு போட்டவங்கதான?"

"உனக்கு நாயம் வேணும். எனக்குக் காடு வேணும். போய்ப் படு."

கொஞ்ச நாள் கழித்து அவள் காட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தோம். அவளுக்கு ஒரு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பெண் சர்வேயை ஒழுங்காக எடுத்தாளா என்று சரிபார்க்கிறார்களாம். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். தங்கச்சி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "யாரும் இல்லைங்க" என்றாள். மறுபடி அதே கேள்வி. இப்போது தலையாரி இல்லை, நாற்காலி இல்லை. நிஜத்தைச் சொல்லலாம். அவள் புருஷனின் அண்ணன் நகர்த்திய வரப்பைப் பார்த்தாள்.

"யாரும் ஒண்ணும் வாங்கலைங்க." கொஞ்சம் நிறுத்தி, "ஏங்க, இது டெல்லிக்குப் போவுமா?" என்று கேட்டாள்.

"அதுக்கும் மேல போகும்மா. பல நாடுகளை ஒப்பிடுற ஆய்வு."

"மறுபடி கூப்புடுவீங்களா?"

"தேவைப்பட்டா கூப்பிடுவோம்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தக் குரல் தலையாரி வைத்த ஆளாக இருக்கும் என்று பயந்துவிட்டாள் என நினைத்தேன். அவள் நினைத்தது வேறு. அடுத்த திங்கட்கிழமை, தாலுகா ஆபீசுக்கு வேனை எடு என்றாள். தலையாரியும் அங்கேதான் நின்றிருந்தார். இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அவள் மெதுவாகப் பேசவில்லை.

"டெல்லிக்கும் மேலருந்து எனக்குப் போன் வந்துச்சுங்க. பட்டா மாத்த யாரு என்ன வாங்குனாங்கன்னு கேக்கறாங்க. யாரும் ஒண்ணும் வாங்கலைன்னு சொல்லி வெச்சிருக்கேன். மறுபடி கூப்புடுவாங்களாம். பட்டா கைக்கு வந்துட்டா அப்பவும் அதையே சொல்றதுக்கு எனக்கும் சுலுவா இருக்கும்ங்க."

தலையாரி சிரிக்கவில்லை. "அதெல்லாம் ஏன் இங்க நின்னு பேசற? உள்ள வாம்மா" என்றார்.

அந்த வாரமே பட்டா அவள் பேருக்கு மாறியது. புருஷனின் அண்ணன் வரப்பைப் பழைய இடத்துக்கே வெட்டிக் கொடுத்தான். கொடுக்கும்போது மண்ணைத் திட்டினான், வெயிலைத் திட்டினான், அவளை ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வயிற்றெரிச்சல் போகவில்லை. அவள் சொன்ன "இல்லை" அங்கேயே இருக்கிறது. அதை எங்கேயோ குளுகுளு அறையில் ஒருத்தன் மற்ற "இல்லை"களோடு கூட்டுவான். அதில் எத்தனை பேர் பக்கத்தில் தலையாரி உட்கார்ந்திருந்தார் என்று அவனுக்குத் தெரியாது. நாம் ஏறினோம் என்று வரும். டீக்கடையில் ஒருத்தன் மார் தட்டுவான்.

போன வாரம் தங்கச்சி போன் செய்தாள். கிணற்று மோட்டாரின் கரண்ட் இணைப்பைத் தன் பேருக்கு மாற்றப் போயிருக்கிறாள். அந்த ஆபீசில் ஒருத்தர் தலையைச் சொறிந்துகொண்டு, "பாத்துச் செய்யும்மா" என்றாராம்.

"ண்ணா, அந்த டெல்லிக்காரங்க நம்பர் என் போன்ல அழிஞ்சி போச்சு. உன்கிட்ட இருக்குதா?"

இல்லை என்றேன்.

"பரவால்ல" என்றாள். "இருக்குதுன்னு சொல்லிக்கறேன்."