மணியனுக்குத் தெரியாத சிவப்பு

சத்யபிரியா அஸ்தம்பட்டியில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். திருச்செங்கோட்டிலிருந்து தினமும் பஸ். செல்போன் செயலிகளுக்குச் சின்னங்கள் வரைவது அவள் வேலை. வைஃபை எவ்வளவு கிடைக்கிறது என்று காட்டும் அந்த விசிறி வளைவுகளை மட்டும் நாற்பது விதமாக வரைந்திருக்கிறாள்.

இரண்டு வருடத்துக்கு முன் கோழிப்பண்ணைகளுக்கென்று ஒரு செயலி செய்தார்கள். கொட்டகையில் இருக்கும் கருவி வெப்பத்தை அளந்து, பண்ணையின் வைஃபை வழியாகப் போனுக்கு அனுப்பும். கருவி இணைப்பில் இருந்தால் வளைவுகளுக்குக் கீழே பச்சைப் புள்ளி. அறுந்தால் அதே புள்ளி சிவப்பு. பக்கத்து இருக்கை ரஞ்சனி அதைப் பார்த்துவிட்டு, "கலரை மட்டும் நம்பாத, குறுக்கால ஒரு கோடாவது போடு" என்றாள். கோடு போட்டால் அழகு கெட்டுவிடும் என்று சத்யபிரியா மறுத்துவிட்டாள்.

அடுத்த சித்திரையில் பரமத்திப் பக்கம் மணியன் என்பவரின் பண்ணையில் அறுநூறு கோழிகள் வெக்கையில் செத்துப்போயின. கொட்டகை லைனில் மட்டும் ஃபியூஸ் போய் மின்விசிறிகள் நின்றிருக்கின்றன, கருவியும் அணைந்துவிட்டது. வீட்டிலிருந்த மணியன் இரண்டு முறை போனைப் பார்த்தார். வீட்டில் கரண்ட் போகாததால் வைஃபை வளைவுகள் முழுசாக இருந்தன. கடைசியாக வந்த வெப்ப அளவும் அப்படியே நின்றிருந்தது. ஒன்றும் பிரச்சினையில்லை என்று இருந்துவிட்டார்.

மேலாளர் மோகன்குமார் சத்யபிரியாவையும் கூட்டிக்கொண்டு விசாரிக்கப் போனார். புள்ளி என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டார். அறுபது வயது மணியன் சற்றுத் தயங்கினார். சிவப்பும் பச்சையும் தனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒன்றுபோலத்தான் தெரியும் என்றார். மனைவி சென்னியம்மாள் சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கே அது தெரியாது.

"எங் கண்ணுலதானுங்க கோளாறு. நீ என்ன பண்ணுவ சாமி" என்று மணியன் சத்யபிரியாவிடம் சொன்னார்.

சத்யபிரியா ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினாள்.

பயன்படுத்தியவர் தவறாகப் பார்த்துவிட்டார் என்று மேலாளர் அறிக்கை எழுதினார். அதைப் படித்துவிட்டும் அவள் பேசாமல் இருந்தாள். ஆனால் தான் தலையாட்டியது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் தனியாகப் பண்ணைக்குப் போனாள். அந்தப் புள்ளியை வரைந்தது தான்தான், கோடு போடச் சொல்லியும் அழகு பார்த்துப் போடவில்லை, உங்கள் கண்ணில் தவறில்லை என்று சொன்னாள்.

சென்னியம்மாள்தான் பேசினாள்.

"அன்னைக்கே இதச் சொல்லியிருந்தா, இந்த மனுசன் ஒரு வாரமா சோறு திங்காம கெடந்திருக்க மாட்டாருங்க."

சத்யபிரியா பையிலிருந்து நான்கு தாள்களை எடுத்தாள். நிறமே இல்லாமல் கறுப்பில் வரைந்த புதுச் சின்னங்கள். எது அறுந்தது, எது நன்றாக இருப்பது என்று மணியனைக் கேட்டாள். மூன்றைச் சரியாகச் சொன்னார். நான்காவதில் திணறினார். அதை அங்கேயே பேனாவால் திருத்தினாள். சென்னியம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை மேலாளரிடம் அறிக்கையை மாற்றச் சொன்னாள். அவருக்குக் கோபம்தான், இரண்டு நாள் இழுத்தடித்து மாற்றினார். இப்போது எல்லாப் பண்ணைகளிலும் இணைப்பு அறுந்தால் குறுக்குக் கோடு போட்ட சின்னம்தான். கூட்டத்தில் மேலாளர் அதைப் பாராட்டியபோது சத்யபிரியா நிமிரவே இல்லை. பரமத்தி போகும் பஸ்ஸில் ஏற அவளுக்கு இன்னும் கால் எழுவதில்லை.